சாம்பல் நிற ஓரம்

அந்த விலா எலும்பைப் பார்த்ததும்தான் அவளுக்குத் திக்கென்றது.

அதுவரைக்கும் அது வெறும் நம்பர். இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள், ஆண், வயது ஐம்பத்திரண்டு, ஈரலின் வலது பக்கத்தில் ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை காலை மழையில் நனைந்துகொண்டே வந்து, குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு, டீயில் ஒரு வாய் குடிப்பதற்குள் படத்தைத் திறந்துவிட்டாள். ஸ்கேன் என்பது ஒரே ஒரு படம் இல்லை. ரொட்டியை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல உடம்பைக் குறுக்கே நறுக்கிக் காட்டுகிற நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றில் கட்டி தெரிகிற வில்லைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் கட்டியைச் சுற்றி மவுஸால் கோடு போடுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கோடு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பதினோராவது வில்லையில் வலப்பக்கத்து விலா ஒன்று முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தது. உடைந்து, சரியாக உட்காராமல், தானாகக் கூடிக்கொண்ட எலும்பு. அந்த எலும்பை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் துணிக்கட்டை இறக்கப் போய் ஏணியிலிருந்து விழுந்து, "சும்மா சுளுக்குதான்" என்று சாதித்து, டாக்டரிடம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்து, மூன்று மாதம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிய மனிதருடைய எலும்பு அது. அவர் பக்கம் கையைப் போட்டால் இன்றைக்கும் அந்த முடிச்சு விரலில் தட்டுப்படும்.

அவள் வீட்டுக்காரர்தான். ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டிலும் தெருவிலும் மாஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான்.

ஈரலில் கட்டி இருக்கிறது என்று அவர்களுக்குப் பத்து நாளாகத் தெரியும். சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை ஈரலை மெதுவாகச் சுருக்கி வைத்திருந்தது. வருஷா வருஷம் செய்கிற பரிசோதனையில் இந்தத் தடவை நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. பெரிய ஸ்கேன் நேற்றுத்தான் எடுத்தார்கள். அது இவ்வளவு சீக்கிரம், அதுவும் தன் மேஜைக்கே வரும் என்று அவள் நினைக்கவில்லை. பெயரையெல்லாம் அழித்துவிட்டு நம்பர் போட்டு அனுப்புவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, கோடு போடுகிறவர்களில் யாருடையது யாரிடம் வேண்டுமானாலும் வரும், யார் போட்டது என்று டாக்டருக்கும் தெரியாது.

எதற்கு இந்தக் கோடு என்று கேட்டால், கட்டியின் செல்களில் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள. அந்தப் புரதத்தின் பெயர் பத்தொன்பது என்ற எண்ணில் முடியும். அதனால் அந்த அறையில் அதற்குப் பெயரே பத்தொன்பது. பத்தொன்பது இருக்கிற கட்டி ஓரிடத்தில் அடங்கிக் கிடக்காது. பக்கத்துப் பொடி ரத்தக்குழாய்களுக்குள் ஊர்ந்துபோகும், வெட்டி எடுத்தாலும் திரும்ப வரப் பார்க்கும். ஊசியை உள்ளே விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ரத்தம் சீக்கிரம் உறையாதவர்களுக்கு அந்த ஊசியே ஆபத்து. மாஸ்டருக்கு பிளேட்லெட் ரொம்பக் குறைவு. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பெரிய டாக்டர் நாலைந்து வருஷமாக ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார். கோட்டுக்குள் அடங்கிய ஒவ்வொரு புள்ளியின் வெளுப்பையும் கறுப்பையும் கணினி எண்ணும், சொரசொரப்பை அளக்கும், முன்னால் பார்த்த கட்டிகளோடு ஒப்பிட்டு, பத்தொன்பது இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். அதன் கெட்டிக்காரத்தனமெல்லாம் கோட்டுக்கு உள்ளேதான். கோட்டுக்கு வெளியே என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது, அது கேட்கவும் கேட்காது.

சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: தெரிந்தவர் படம் என்று தோன்றினால் தொடாதீர்கள், உடனே சொல்லுங்கள். எழுதி ஒட்டியதே அவள்தான்.

அவள் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரோ போடுவார்கள், வேறு யாருக்கு இவ்வளவு பதமாகக் கை வரும் என்று நினைத்துக்கொண்டாள். தன் பிள்ளைக்குத் தானே ஊசி போட்டால் வலிக்காது என்று நினைக்கிற நர்ஸைப் போல. என்னைக் கேட்டால், பயந்தவர்களுக்குத்தான் இந்த மாதிரி நியாயங்கள் உடனுக்குடன் தோன்றும்.

கட்டி பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு மங்கலான சாம்பல் வளையம், பால் பாத்திரத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆடை மாதிரி. ஒன்பது வருஷத்தில் இப்படி வளையம் கட்டிய கட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறாள். அவற்றில் இந்த ஆராய்ச்சிக்குள் வந்தவற்றுக்குக் கணினி என்ன எண் சொன்னது என்பதும் ஞாபகம் இருந்தது. 'ஓரத்துல சந்தேகம் வந்தா, சந்தேகத்தையும் சேர்த்துப் போடுங்க' என்பது பெரிய டாக்டரின் சட்டம். அவள் கை வளையத்தின் வெளியோரம் வரை போயிற்று. அங்கே நின்றது. பிறகு உள்ளே வந்துவிட்டது.

மூச்சு அசைந்ததில் விழுந்த நிழல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு முடியளவுதான். அடுத்த வில்லையில் இன்னொரு முடியளவு. நாற்பத்தியொரு வில்லைகள். முடித்து நிமிர்ந்தபோது டீ ஆறி மேலே ஏடு படிந்திருந்தது, உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

ஒருத்தர் கோடு போட்டால் போதாது. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவருடையதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணினிக்குப் போகும். இரண்டாவது கோடு போடுகிறவன் பக்கத்து நாற்காலிக்காரன். கண்ணாடியின் கனத்தால் அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். நல்லவன். அவனுக்கு ஒரே ஒரு வழக்கம். தானாகப் போடமாட்டான். அக்காவின் கோட்டைத் திறந்து, நகல் எடுத்து, அங்கே இரண்டு புள்ளி, இங்கே இரண்டு புள்ளி தள்ளிவிட்டுத் தன் கோடு என்று சேமிப்பான். வேலை மலைபோலக் குவிந்து கிடந்த ஒரு காலத்தில் அவளே பார்த்தும் பார்க்காததுபோல விட்ட பழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது சோடாபுட்டி சொன்னான்: "இருநூத்திப் பன்னெண்டாம் நம்பரும் முடிச்சுட்டேன் அக்கா. உங்க கோடு எப்பவும்போல வெண்ணெய்."

அவள் குடையை மறந்துவிட்டு நடந்தாள். பஸ் நிறுத்தத்தில்தான் நனைவது தெரிந்தது.

*

புதன்கிழமை பெரிய டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள், மாஸ்டர், மாஸ்டரின் அக்கா. அந்த அம்மாளுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். ஒரு செய்தியை அவள் காதில் போட்டால் தெருக்கோடி வரை ஒலிபரப்பு ஆகிவிடும். ஆனால் அன்றைக்கு அவளும் வாயைத் திறக்காமல் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், உங்களுக்கு ஊசி போட்டுப் பார்க்க முடியாது, உள்ளே கசிஞ்சா தெரியாது. திறந்து வெட்டும்போதுன்னா ரத்தம் ஏத்திக்கிட்டு, கண்ணால பார்த்து நிறுத்திடலாம். அதனால படத்தை வச்சு ஒரு கணக்குப் போட்டோம். இது சத்தியமில்லை, ஊகம்தான். ஆனா வேற வழி இல்லாத இடத்துல இதையும் ஒரு கண்ணு பார்த்துக்குவோம். நூத்துக்குப் பதினாலுன்னு சொல்லுது. அதாவது அந்தப் பொல்லாத சமாச்சாரம் இருக்க வாய்ப்பு கம்மி."

"நல்லதா டாக்டர்?" என்றாள் ரேடியோ.

"நல்லதும்மா. அவர் ஈரல் ஏற்கெனவே அடி வாங்கினது. எவ்வளவு மிச்சம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கட்டியை ஒட்டி, சின்னதா எடுத்துட்டா போதும். திங்கட்கிழமை செஞ்சிடலாம்."

"ஒருவேளை அது இருந்திருந்தா?" என்று கேட்டது அவள்தான்.

"இருந்திருந்தா தாராளமா விட்டு வெட்டணும். சுத்திவர விதை தெறிச்சிருக்கும். ஒட்டி வெட்டினா அதெல்லாம் உள்ளேயே தங்கிடும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், மறுபடி முளைச்சிடும். ஆனா நீங்க ஏன் பயப்படுறீங்க? ரெண்டு பேர் தனித்தனியாப் போட்ட கோடு அச்சு அடிச்ச மாதிரி ஒத்துப்போகுது. அந்த வேலையோட கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? நம்பலாம்."

மாஸ்டர் மெதுவாக மூச்சு விட்டார். பத்து நாளாக அடக்கி வைத்த மூச்சு. பிறகு தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று அவள் பயந்தாள். அவர் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வெட்டுறது யாரு, நீங்கதானே? ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கத்தி மொக்கையா இருந்தா என்கிட்ட சொல்லுங்க. நான் சாணை பிடிச்சுத் தர்றேன்."

டாக்டர் சிரித்தார். ரேடியோ தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வெளியே வந்ததும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் ஆஸ்பத்திரி, உன் மெஷின். நீ அங்க வேலை பார்த்ததுக்கு இன்னிக்குத்தான்டி பலன்" என்றாள். அவள் அந்தக் கைக்குத் தன் கையைக் கொடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

வியாழக்கிழமை விடிந்தபோது வீடு வேறு வீடாக இருந்தது. மாஸ்டர் சவரம் செய்துகொண்டே பாடினார். பத்து நாளாக இரண்டு வாய்க்கு மேல் இறங்காத மனிதர் மூன்று முட்டை சாப்பிட்டார். "நாலு நாள் இருக்கு. போய் ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன். நான் இல்லாம அங்க சட்டைக் கையை முதுகுல வெட்டி வச்சிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாள். எதிர்வீட்டுத் தபால்காரர் மனைவிக்குச் சொல்லியாயிற்று, சலவைக் கடைக்காரருக்குச் சொல்லியாயிற்று, பேப்பர் போடுகிறவரை நிறுத்திச் சொல்லியாயிற்று. "பதினாலுதானாம்! நூத்துக்குப் பதினாலு! எங்க தம்பிக்குச் சின்ன வெட்டுதான்!" பரீட்சையில் இவ்வளவு குறைந்த மார்க் வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் அந்தத் தெருவில் வேறு இருந்திருக்காது.

ஒவ்வொரு பதினாலுக்கும் அவள் குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள். சட்டி கழுவும்போது சட்டியின் ஓரத்தைப் பார்த்தாள். சாம்பல். கண்ணாடி டம்ளரின் அடியில் சாம்பல். சன்னலுக்கு வெளியே மேகத்தின் ஓரத்தில்கூட அதே சாம்பல். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அடுப்படியில் சும்மா நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் ரேடியோ. "நல்லது நடந்தாலும் உனக்கு முகம் மலராதா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தலைவலி."

"தலைவலியாவது கால்வலியாவது. இந்தா, சூப் ஊத்தி வச்சிருக்கேன். ரொட்டியும் இருக்கு. நீயே கொண்டுபோய்க் குடு. உன்னைப் பார்த்தா இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுவான்."

*

கட்டிங் கூடம் நீளமானது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே மேஜை. அதன்மேல் நீலத் துணியை அறுபது அடுக்காக விரித்து, காற்றுக்கூடப் புகாதபடி தட்டிச் சமன் செய்திருந்தார்கள். மேலடுக்கில் வெள்ளைச் சாக்கட்டிக் கோடுகள். மாஸ்டர் இரும்புக் கையுறை போட்டுக்கொண்டு மின்சாரக் கத்தியைத் துணிக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். நின்று உறுமுகிற கத்தி. பஞ்சுத்தூசி அவர் புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கத்தி கோட்டின்மேல் போகவில்லை. கோட்டுக்கு வெளியே, கோட்டைத் தொட்டும் தொடாமல் போயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. கத்தி நின்றது. கூடமே திடீரென்று செவிடானதுபோல இருந்தது. மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பிப் போனார்கள்.

"அடடே, டோர் டெலிவரியா?" என்று கையுறையைக் கழற்றினார் மாஸ்டர். "வா, இந்த மூட்டை மேல உட்காரு. மெத்து மெத்துன்னு இருக்கும்."

சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். ரொட்டியைப் பிய்த்து நனைத்து இரண்டு வாய் சாப்பிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?"

"நீங்க சாப்பிடுங்க."

"சாப்பிடுறேன். நீ சொல்லு. நேத்துலேர்ந்து பார்க்கிறேன், டாக்டர் நல்ல சேதி சொன்னப்ப நீ மட்டும் மாட்டை வித்தவ மாதிரி உட்கார்ந்திருந்த."

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தாங்க."

"எந்தக் கோட்டை?"

"உங்க ஸ்கேன்ல. கட்டியைச் சுத்தி. அது என் மேஜைக்குத்தான் வந்துச்சு. விலா எலும்பைப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டேன். சொல்லியிருக்கணும். சொல்லல."

மாஸ்டர் சிரித்தார். "அட, அதுக்கா? உன் கையாலேயே ஆச்சுன்னா நல்லதுதானே? ஒன்பது வருஷமா நீ..."

"உள்ள தள்ளிப் போட்டுட்டேங்க."

அவர் கையிலிருந்த ரொட்டி சூப்பில் ஊறிக்கொண்டே இருந்தது.

"கட்டியைச் சுத்தி ஒரு ஓரம் இருந்துச்சு. சாம்பலா. அதையும் சேர்த்துத்தான் போடணும். அதுதான் சட்டம். எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த ஓரத்தைச் சேர்த்தா கணினி என்ன சொல்லும்னு தெரியும். வேணும்னு பண்ணலங்க, சத்தியமா வேணும்னு பண்ணல. கை போகல. அதைச் சேர்த்துட்டா அது உங்களுக்கு வந்துடும்னு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "விட்டுட்டா அது இல்லாமப் போயிடும்னு நினைச்சிட்டேன் போல."

"எவ்வளவு?"

"ஒரு முடி அளவு. சில இடத்துல ரெண்டு."

"எத்தனை படத்துல?"

"நாப்பத்தியொண்ணு. எல்லாத்துலயும்."

மாஸ்டர் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். மேலடுக்கில் ஒரு நூலளவு கோடு நகர்ந்தால் கீழே அறுபது சட்டையும் போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இன்னொருத்தரும் போட்டாருன்னு டாக்டர் சொன்னாரே? ரெண்டும் ஒத்துப்போச்சுன்னாரே?"

"அவன் என் கோட்டைத்தான் நகல் எடுப்பான். எனக்குத் தெரியும். எப்பவுமே அப்படித்தான்."

"அப்போ அந்தப் பதினாலு?"

"அந்தப் பதினாலு உங்களோடது இல்லைங்க. நான் போட்ட கோட்டோடது."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து மேஜையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பி வந்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடக் கை ஓங்காத மனிதர். அவர் அவள் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இன்னிக்கு மத்தியானம் வரைக்கும். ஒரே ஒரு நாள். ஒரு நாள் நான் சாகமாட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டி. காலையில பாட்டெல்லாம் பாடினேன்."

"கேட்டேங்க."

"அதையும் வந்து பிடுங்கிக்கிட்டியே!"

அவர் மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார். பஞ்சுத்தூசி படிந்த புருவத்தோடு திடீரென்று ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். வெளியே சாப்பிட்டு முடித்தவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சொல்லாம இருந்திருக்கலாமே நீ" என்றார் கடைசியில். கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். "யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஒட்டி வெட்டிடுவாங்க. வெளிய இருக்கிறது உள்ளேயே நின்னுடும்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

"உன்னோடது என்ன பயம்? வயிறு என்னோடது." சொல்லிவிட்டு அவரே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எழுந்திரு. மணி ஒண்ணுதான் ஆகுது. டாக்டர் இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்போ வா. உன் வேலை போகுமா?"

"போகலாம்."

"போகட்டும்" என்றார் மாஸ்டர். கத்தியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சட்டைப்பையில் சாக்கட்டியோடு அப்படியே கிளம்பினார்.

*

பெரிய டாக்டர் முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இருநூத்திப் பன்னெண்டு பேர்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு பேருக்கும் இரண்டாவது கோடு திரும்பப் போட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பிறகு சோடாபுட்டியைக் கூப்பிட்டார்.

சோடாபுட்டி வெளிறிப்போய் வந்து நின்றான். அவனுக்கு முன்னால் அவள் பேசினாள்.

"தம்பி, தப்பு என்னோடது. உன்னைத் திருத்தாம விட்டதும் நான்தான். இப்போ நீயே போடணும். என் கோட்டைத் திறக்காம."

"அக்கா, எனக்கு ஓரம் பிடிபடாது. அதனாலதான் உங்களோடதைப் பார்த்துப் போட்டேன். சோம்பேறித்தனம் இல்ல அக்கா, பயம்."

"சந்தேகம் வந்தா?"

"சந்தேகத்தையும் சேர்த்துப் போடணும்."

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. போ."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. நடையில் ஒரு மரப்பெஞ்சு. அவளும் மாஸ்டரும் அதில் உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு மணி நேரமும் அவள் அதைப் பார்க்கவேயில்லை. கதவின் கீழ் இடுக்கில் தெரிகிற வெளிச்சத்தைத்தான் பார்த்தாள். உள்ளே எப்போதாவது நாற்காலி கிரீச்சிடும். இடையில் ஒருமுறை மாஸ்டர், "அக்கா இப்ப எந்தத் தெருவுல ஒலிபரப்பிக்கிட்டு இருக்கோ" என்றார். இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

கதவு திறந்தபோது சோடாபுட்டியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே டாக்டர் அறைக்குப் போனான். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தானும் பார்த்து, இரண்டு இடத்தில் கோட்டைத் திருத்தி, பிறகு கணினியில் ஓட்டினார்.

எழுபத்தியொன்று.

"இதுவும் ஊகம்தான்" என்றார் டாக்டர். "ஆனா இதைப் பார்த்த பிறகு நான் ஒட்டி வெட்டமாட்டேன். வலது பக்கத்துல பெரும்பகுதி எடுக்க வேண்டியிருக்கும். மிச்சம் இருக்கிற ஈரல் தாங்கணும். அடிபட்ட ஈரல், மாஸ்டர். தாங்கும்னுதான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்லமாட்டேன்."

"தாங்கலைன்னா?" என்றார் மாஸ்டர்.

டாக்டர் அதற்குப் பதில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். மாஸ்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்குக் கீழே அவர் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, வலிக்க வலிக்க இறுக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரேடியோ அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றும் மறுநாளும் அந்த அம்மாள் வாசலுக்கே வரவில்லை. தபால்காரர் மனைவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் காலை அடுப்படியில் ரேடியோ முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "நானா இருந்தா சொல்லியிருக்கமாட்டேன். வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லடி." அதற்குப் பிறகு அவளுக்கும் சேர்த்து டீ ஊற்றினாள்.

*

திங்கட்கிழமை காலை. மழை விட்டிருந்தது. பெட்டியில் இரண்டு சட்டை, துண்டு, செருப்பு, பல் துலக்குகிற பிரஷ். வண்டி வரக் கால் மணி இருந்தது. மாஸ்டர் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க இருக்குன்னு காட்டு" என்றார்.

"என்னது?"

"அந்தக் கட்டி. திரையில ஆயிரம் பேருக்குப் போட்டிருக்க. எனக்கு இதுமேல போட்டுக் காட்டு." கழற்றிப் போட்ட சட்டையின் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். தட்டையான வெள்ளைச் சாக்கட்டி, அவருடைய விரல் பட்டு ஓரம் தேய்ந்தது.

அவள் இதுவரை ஓர் உயிருள்ள உடம்பின்மேல் கோடு போட்டதில்லை. வலது விலாவைத் தடவினாள். முடிச்சு தட்டுப்பட்டது. அதற்கு இரண்டு விரல் கீழே சாக்கட்டியை வைத்தாள். தோல் சிலிர்த்தது. அவர் அசையவில்லை. சின்னதாக ஒரு வட்டம் வந்தது.

அதைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் அழித்துவிட்டு, ஒரு விரற்கடை வெளியே தள்ளி மறுபடி போட்டாள்.

"இதுதான் கட்டி. அந்தச் சாம்பல் ஓரத்தோட சேர்த்து."

"வெட்டுறது?"

இன்னும் வெளியே போனாள். விலாவின் கடைசியிலிருந்து நெஞ்சுக்குழிப் பக்கம் வரை நீளமாக இழுத்தாள். பெரிய கோடு. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"இவ்வளவும் போயிடுமா?"

"போயிடும்."

"அப்போ மிச்சம்?"

அவள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம், நெஞ்சுக்குழிக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தாள். அந்த ஒரு கையே முழுவதையும் மூடிவிட்டது. அவ்வளவு சின்ன இடம். கைக்குக் கீழே சூடாக, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுதாங்க."

"போதுமா?"

போதும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபம். ஒரு முடியளவு உள்ளே தள்ளிக்கொண்டால் போதும்.

"தெரியலைங்க" என்றாள்.

மாஸ்டர் அவள் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். வாசலிலிருந்து ரேடியோவின் குரல் கேட்டது, வண்டி வந்துவிட்டது என்று. நாலு நாளில் முதல்தடவையாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவர் எழுந்து, கோட்டைத் துடைக்காமல், அதன்மேலேயே சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.